எள்ளளவு எழுத்து

“பேசாம ஒரு கண்ணாடி போட்டுக்குங்களேன்” என்றாள் உமாமகேஸ்வரி.

“கோளாறு என் கண்ணுல இல்லடி, இந்தத் திரையில” என்று எரிந்து விழுந்தான் சிவக்குமார்.

தலத்தெருவில் பேனர் கடை வைத்திருப்பவன் அவன். ஆசை ஆசையாகப் புது லேப்டாப் வாங்கி லினக்ஸ் போட்டான். திரை என்னவோ பளிங்கு மாதிரிதான். ஆனால் பேனர் வரைகிற பழைய மென்பொருளில் பட்டன்களெல்லாம் எள்ளாகச் சிறுத்துவிட்டன. திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதானது, ஆனால் பேனரில் இருந்த அம்மையார் படத்தின் முகம் கலங்கிப்போனது. மாங்கனித் திருவிழாவின் நுழைவாயில் பேனர் இந்த வருஷம்தான் முதன்முதலாக அவன் கைக்கு வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் நாகப்பட்டினத்தில் கொடுத்துவிடுவேன் என்று விழாக் குழு அம்பலவாணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல், லினக்ஸ் குழுவில் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டான். சுரக்குடியிலிருந்து வெண்மதி என்ற பெண் எடுத்தாள். விவரம் கேட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே அவன் லேப்டாப்புக்குள் நுழைந்தாள். அவள் பக்கத்தில் யாரோ மூச்சு விடாமல் எதையோ வாசிக்கிற சத்தம். வேலை நேரத்தில் டிவி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவனுக்குக் கடுப்பாக வந்தது.

“ரெசல்யூஷன் முழுசாவே இருக்கட்டும்ணே. எல்லாத்தையும் ரெண்டு மடங்காக் காட்டச் சொல்லிருக்கேன். இப்ப பாருங்க.”

மெனு, கடிகாரம் எல்லாம் பெரிதாகின. பழைய மென்பொருள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

“ஒனக்கென்னம்மா, சின்ன வயசு, கூர்மையான கண்ணு. என் பாடு ஒனக்கு எங்க தெரியப்போவுது?”

வெண்மதி சிரித்தாள். பழசு பொதுவாகச் சொன்னால் கேட்காது, அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றாள். அதை மட்டும் இரண்டு மடங்காகத் திறக்கும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்.

திறந்தான். பட்டன்கள் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக வந்து நின்றன. அம்மையார் முகமும் தெளிவாக இருந்தது. மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினான்.

சாயங்காலம் பேனர் ஏறியது. அண்ணாந்து பார்த்த அம்பலவாணன், அடுத்த வருஷமும் உனக்குத்தான் என்று தோளில் தட்டினார். சிவக்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கிருந்தே வெண்மதியைக் கூப்பிட்டான்.

“திருவிழாவுக்கு அவசியம் வரணும்மா. நம்ம பேனரப் பாக்கணும்.”

“வர்றேண்ணே. எழுத்து எம்மாம் பெருசுன்னு நீங்கதான் என் கையப் புடிச்சு வரைஞ்சு காட்டணும். கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்கக் காதால கேட்டுத்தான் சரி பண்ணினேன். எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது.”