பேச்சுக் கொடுத்தவர்

“தூங்கும்போது நமக்கு மூச்சு விட யாருப்பா ஞாபகப்படுத்துறா?” என்று மகள் ஒருமுறை கேட்டது, காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் மருத்துவமனை அழுத்த அறையில் அவருக்கு நினைவு வந்தது. மூளைதான். ஆனால் காற்றழுத்தம் அளவுக்கு மீறிக் கூடினால் அதுவும் அசந்துவிடலாம். மூச்சு குறைவது ஆளுக்கே தெரியாது.

கூட இருந்தவருக்குக் கண் செருகியது. மூச்சு மெலிந்தது.

“அண்ணே, உங்க கல்யாணக் கதையைச் சொல்லுங்க.”

“சும்மா இருப்பா.”

“பொண்ணு பார்க்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தீங்களாமே?”

“எவன் சொன்னான்? விழுந்தது என் மாமனார்!”

கோபத்தில் மூச்சு சீரானது. அழுத்தம் இறங்கும்வரை இவர் அவரைப் பேச்சை நிறுத்த விடவில்லை.

கதவைத் திறந்த டாக்டர், “நோயாளி எப்படி?” என்றார்.

“காதை அறுத்துட்டான் டாக்டர்!” என்றார் கதை சொன்ன நர்ஸ்.

கட்டிலில் கிடந்த நோயாளி சிரித்துக்கொண்டார். நேற்று மூச்சு தளர்ந்த தன்னை இப்படித்தான் பேச வைத்துக் காப்பாற்றியிருந்தார் அந்த நர்ஸ். இன்று அந்தக் கடனைத் திருப்பியதை நர்ஸிடம் காட்டிக்கொள்ளாமல், கடவுளுக்கு மட்டும் நன்றி சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.