துண்டுக் கம்பியின் பயம்

குளியலறையில் துண்டு மாட்டுகிற கம்பிக்கு விடிந்தாலே நடுக்கம். வீட்டுக்காரர் மாசிலாமணி ஈரத் தரையில் தடுமாறும்போதெல்லாம் அதைத்தான் எட்டிப் பிடிப்பார். அதன் திருகாணியோ பாதி வெளியே வந்துவிட்டது.

பக்கத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த கனத்த கைப்பிடியிடம் அது கெஞ்சியது.

"தம்பி, அவரைத் தாங்கத்தானே உன்னை மாட்டினாங்க? இனிமே என்னால முடியாதுப்பா."

"நான் தயாராத்தான் இருக்கேன் அண்ணே. வர்றவங்க என்னைப் பார்த்தா அவரைக் கிழவன்னு நினைப்பாங்களாம். அதான் என் மேல வேட்டியைப் போட்டு மூடி வச்சிருக்காரு."

கதவு திறந்தது. மாசிலாமணி உள்ளே வந்தார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. பழகிய கை பழகிய பக்கமே நீண்டது.

"ஐயா, நான் துண்டுக்குத்தான்" என்று கம்பி அலறியது அவர் காதில் விழவில்லை.

திருகாணி தரையில் உருண்டது. கைப்பிடியின் மேல் வேட்டி மட்டும் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.