பேய்க்கு என்ன வேண்டும்

உடுக்கையை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடித்தான் கோடாங்கி.

எனக்குப் பேய் பிடித்திருக்கிறதாம். வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்து, ராஜபாளையத்திலிருந்து சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்து, உச்சிவெயில் நேரத்தில் இந்தப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பேயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் ஓய்ந்துபோய்விட்டேன். அவ்வளவுதான்.

மில்லில் ஷிப்ட் முழுக்க நின்று நூல் சுற்றும் ரீலிங் மிஷின் ஓட்டுவது எனக்குச் சிரமமே இல்லை. அங்கே இருப்பது ஒரே சத்தம். அது என்னிடம் கேள்வி கேட்காது. நான் ஏன் சிரிக்கவில்லை என்ற கவலையும் அதற்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்தால்தான் வேலையே தொடங்கும். எங்கள் தெருவுக்கே எங்கள் வீட்டில்தான் டி.வி. கூடம் நிறைய ஜனம். ஆளுக்கொரு பேச்சு, நடுவில் குக்கர் விசில். பேசும்போதெல்லாம் முதுகில் தட்டித் தட்டிப் பேசுகிற மாமியாரும் நாத்தனாரும் வேறு. ஒவ்வொரு தட்டும் எனக்குச் சூடு வைத்த மாதிரி இருக்கும்.

அதையும் சமாளித்தேன். யாராவது வந்தால் முதலில் சிரிக்க வேண்டும். பிறகு எப்போ வந்தீங்க, பிறகு சாப்பிட்டீங்களா, பிறகு பிள்ளைகள் சௌக்கியமா. வரிசை தப்பாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சிரிப்பை, மில்லில் என் பக்கத்தில் நிற்கும் தங்கபாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. நல்ல மருமகள் என்று பேர்கூட வாங்கினேன்.

இந்த ஆடியில் ஒரு நாள் அந்தச் சிரிப்பு வரவில்லை.

விருந்தாளி வாசலில் நிற்கிறார். கன்னத்தைத் தூக்கிப் பார்க்கிறேன், எழும்பவில்லை. வாயைத் திறந்தால் வார்த்தையும் இல்லை. சாமான் அறைக்குள் போய் நெல்மூட்டைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இருட்டாக, நன்றாக இருந்தது. மறுநாளும் அங்கேதான் போனேன். மில்லுக்குப் போகவில்லை.

அதைத்தான் பேய் என்கிறார்கள்.

“ஏட்டி, நீ யாரு? பேரச் சொல்லு,” என்றான் கோடாங்கி.

“சண்முகத்தாய்.”

“அது இந்தப் பிள்ள பேரு. ஒம் பேரச் சொல்லு.”

என் பேர் அதுதானே. மறுபடியும் அதையே சொன்னேன். வேப்பங்குழையால் தோளில் சுளீரென்று ஒன்று விழுந்தது. உடுக்கைச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. பேர் சொல்லாத பேயை அப்படியே விட மாட்டார்கள். முடியில் ஒரு கற்றையைப் பிடித்து மரத்தோடு சேர்த்து ஆணி அடிப்பார்கள். நாத்தனார் ஆணியை மஞ்சள் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பேரச் சொல்லிட்டு என்ன வேணுமோ கேளு. குடுத்து அனுப்புதோம்.”

எனக்குச் சுருக்கென்றது.

என்ன வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பேயைக் கேட்கிறார்கள். கோழி கேட்டால் கோழி, சுருட்டு கேட்டால் சுருட்டு. மில்லுக்கும் போய்ச் சோறும் பொங்குகிறவளுக்கு இல்லாத மரியாதை, செத்த பிறகும் போகாமல் சுற்றுகிற சனியனுக்கு இருக்கிறது.

சரி, பேயாகவே இருந்து தொலைக்கிறேன் என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு பேர் வேண்டுமே. என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவளை நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்குச் சேலை வைத்துப் படைப்பார்கள். படைத்த சேலையை என்னைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மற்றபடி அவளைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

“பரிபூரணம்,” என்றேன்.

உடுக்கை நின்றது. அந்த அமைதிக்காகவே இன்னும் பத்துப் பேரைச் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

“என்ன தாயி வேணும்?” கோடாங்கிக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது.

அடக்கி வைத்த ஆத்திரம் அத்தனையும் சேர்த்துக் கேட்டேன்.

“கதவு வச்ச ரூம் ஒண்ணு வேணும். சாயந்தரம் செத்த நேரம் நான் அதுல தனியா இருக்கணும். யாரும் வந்து கதவத் தட்டக் கூடாது. என் மேல கை வைக்கக் கூடாது. சிரி சிரின்னு சொல்லக் கூடாது.”

“இம்புட்டுத்தானா?” என்றான் கோடாங்கி. அவன் ஒரு கிடாயாவது எதிர்பார்த்திருப்பான்.

திடீரென்று என் மாமியார் எனக்கு முன்னால் விழுந்தாள். காலைப் பிடிக்க நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். என்னைத் தொடாமல் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

“இது அவளேதான்யா. ஒரு சொல்லு மாறல. அன்னைக்கும் இதத்தான் கேட்டா. நாங்கதான் கொழுப்பெடுத்துப் பேசுதான்னு விட்டுட்டோம்.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் கேட்டதெல்லாம் எனக்காகக் கேட்டது. பரிபூரணம் எப்படிப்பட்டவள் என்று எனக்கு என்ன தெரியும்?

வயிற்றுவலி தாங்காமல் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று சொல்லித்தான் என்னை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.