மகாராணி முன் ஓர் ஆட்டம்

"முதுகை நிமிர்த்துங்க அண்ணா. பக்கத்துக் கூண்டுக்காரன் மாதிரி மரக்கட்டையா நின்னா, அவ எப்படித் திரும்பிப் பார்ப்பா?"

பாலே நடன டீச்சர் கூண்டுக்கு வெளியே நின்று அதட்டினாள். உள்ளே, பறவைக் காப்பாளர் ஐம்பத்திரண்டு வயதில் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டிருந்தார். எதிரே, எதிலும் பட்டுக்கொள்ளாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி மகாராணி.

மகாராணி ஒரு நாரை. அவள் இனத்தில் உலகத்தில் மிஞ்சியிருந்த பெண் அவள் ஒருத்திதான். நாரைகள் எதிரெதிரே நின்று ஆடித்தான் ஜோடி சேரும். ஆட்டம் இல்லாவிட்டால் முட்டையும் இல்லை. இவளோ குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்தவள். தன்னையும் ஒரு மனுஷி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூண்டு ஆணை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவனும் தனியாக வளர்ந்தவன். ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் கம்பியோரம் நின்று வேடிக்கை பார்ப்பான்.

"மனுஷன் யாராவது ஆடிக் காட்டினா இறங்கி வருவா. ஊசி போட்டுக் கருத்தரிக்க வைக்கறதை நான் பார்த்துக்கறேன்," என்று மிருகக்காட்சிசாலை மருத்துவர் சொல்லப்போக, வேலை காப்பாளர் தலையில் விழுந்தது.

மூன்று மாதமாக விடிந்ததும் பாலே வகுப்பு. அது முடிந்ததும் கூண்டுக்குள் வந்து அதே ஆட்டம். வகுப்பில் பொடிசுகளுக்கு நடுவே தொப்பையோடு நின்றபோது மானம் கப்பலேறியதுதான். ஆனால் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

"முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா சிடுசிடுன்னு இருப்பீங்க. இப்ப பாத்திரம் கழுவும்போதுகூட நுனிக்கால்ல நிக்கறீங்க," என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதெல்லாம் சரி, மகாராணி மட்டும் மசியவில்லை. முட்டையிடும் பருவம் முடிய இன்னும் இரண்டே நாள். அவளுக்கும் வயது ஏறிவிட்டது. அடுத்த பருவத்தை நம்ப முடியாது.

"இன்னிக்கும் வரலைன்னா என்ன டீச்சர் பண்றது? இவளோட இந்த இனமே முடிஞ்சுபோயிடுமே."

"அதை அப்புறம் யோசிக்கலாம். அவளை உங்களுக்குப் பிடிக்கும்ல? அதை மட்டும் மனசுல வெச்சு ஆடுங்க."

ஆடினார். குனிந்தார், கைகளை விரித்தார், துள்ளினார், ஒற்றைக் காலில் ஒரு முழுச் சுற்று சுற்றித் தடுமாறாமல் நின்றார். வகுப்பில்கூட அவர் அப்படி ஆடியதில்லை.

மகாராணி தலையைத் திருப்பினாள். கழுத்தை வளைத்து மெல்லக் குனிந்தாள். பெரிய இறக்கைகள் இரண்டும் விரிந்தன. காப்பாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண் நிறைந்துவிட்டது.

"பாருங்க டீச்சர். என்கிட்ட வர்றா."

டீச்சர் அவருக்குப் பின்னால் கைகாட்டினாள். மகாராணி அவரைக் கடந்து நேரே நடந்தாள்.

அவர் திரும்பினார். கம்பிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கூண்டு மரக்கட்டை குனிந்து, இறக்கை விரித்து, துள்ளி, எந்த நாரையும் இதுவரை ஆடியிராத அந்த முழுச் சுற்றை ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக அவன் அங்கே நின்றது வேடிக்கை பார்க்க அல்ல.