மூன்றாவது பெயர்

'முதல் ஆசிரியராக வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை' என்று விண்ணப்பம் கேட்டது.

அவள் பூஜ்யம் எழுதினாள்.

எழுதிய பிறகும் பேனாவை எடுக்கவில்லை. மை ஊறி, பூஜ்யம் பருத்தது.

நான்கு வருடம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் கடற்புல்லை எண்ணியிருக்கிறாள். சொறிமீன் கொட்டிய தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலோடும் இறங்கியிருக்கிறாள்.

கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் நெறியாளர் சிதம்பரநாதனுடையது. இரண்டாவது, அவர் மருமகன் வினோபாலன். தனியார் கல்லூரியில் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவன். அந்தக் கடலில் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை.

அவள் மூன்றாவது.

அப்போது அவள் எதுவும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

இந்த விண்ணப்பம் உதவிப் பேராசிரியர் வேலைக்கு. அதைத் தபாலில் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். பரிந்துரைக் கடிதம் கேட்டுக் காலையில் அவரிடமே போய் நின்றாள். நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எல்லா மாணவர்களுக்கும் அப்படித்தான்.

துறையின் கணினியில் பழைய மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. கடின உழைப்பாளி. பணிவானவர்.

பணிவானவர்.

அழித்தாள்.

விசைப்பலகை அதிர அடித்தாள்: 'கடற்புல் கட்டுரையின் களப்பணி, கணக்கீடு, எழுத்து அனைத்தும் இவருடையவை. முதல் பெயராக இவர் பெயரே வந்திருக்க வேண்டும். அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.'

மூன்று மணிக்கு அச்செடுத்து அவரிடம் நீட்டினாள். யாருடனோ போனில் பேசிக்கொண்டே கையெழுத்திட்டார். முத்திரையும் குத்தினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அப்படியே போயிருக்கலாம். கதவு வரை போய்விட்டாள்.

இதையும் படிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தாள். தாளைக் கையைவிட்டு விடாமல் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஒரு தடவ வாசிச்சிருங்க சார்."

அவர் போனை வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவந்தது. சத்தம் போடவில்லை. அந்த மூன்று வரியை மட்டும் எடுத்துவிட்டு வேறு அச்செடுத்து வா, இதைவிட நல்லதாக நானே சொல்லித் தருகிறேன் என்றார். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எல்லா இடத்துலயும் நடக்கதுதானம்மா."

"அப்ப வெளிய தெரிஞ்சா என்ன சார்?"

அவர் கையை நீட்டினார். அவள் தாளை மடித்தாள்.

படியிறங்கி, விண்ணப்பத்தோடு கடிதத்தையும் உறையில் போட்டு ஒட்டினாள். கட்டுரை வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அஞ்சலகத்தில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர். அவள் முறை வந்த நேரம் போன் அடித்தது. புது எண்.

வினோபாலன். இத்தனை வருடத்தில் அவளிடம் அவன் பேசுவது அதுதான் முதல் முறை. மேடம், மாமா இப்போதுதான் சொன்னார், அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள் என்றான். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றான். குரல் உடைந்திருந்தது.

அவள் குறுக்கிடவில்லை. முழுக்கக் கேட்டாள்.

அவன் பேசி முடித்தபோது, உறை கவுண்டருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.