சிவந்த உப்பு

பாண்டிச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரன் காலத்து ஓட்டல். உப்பள முதலாளி மகனுக்குக் கல்யாண விருந்து. அவருடைய மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் மாயவனும் அவன் மனைவி அமராவதியும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பளிங்குத் தரையில் உப்புப் பாத்தி வரப்பில் நடப்பதுபோல் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளை அமராவதி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பியானோ ஓசைக்கு நடுவே எங்கோ ஒரு கிளாஸ் சாய்கிறது. மேசை விரிப்பில் கொட்டிய சிவப்பு ஒயின்மேல், கறை படியாமலிருக்க, தலைப்பாகைக்காரப் பணியாள் அவசரமாக உப்பைக் கவிழ்க்கிறான். அவள் திரும்பும்போது கண்ணில் படுவது, வெள்ளை விரிப்பின்மேல் ஒரு குவியல் உப்பு. அடியிலிருந்து சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அளத்தில் உப்பு இப்படிச் சிவந்தால் யாருக்கோ கால் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். "ஐயோ, யாருக்குக் கால் கிழிஞ்சிச்சி? உப்பு செவந்துபோச்சே!" அவள் அலறிக்கொண்டு ஓடி, மண்டியிட்டு, விரிப்பைத் தூக்கி மேசைக்கடியில் தேடுகிறாள். பியானோ நின்றுவிடுகிறது. பெல்பாட்டங்களின் கீழே மினுங்கும் பூட்சுகள், பட்டுச் சேலைக் கரைகளின் கீழே குதி உயர்ந்த செருப்புகள். ஒன்றிலும் ரத்தம் இல்லை. பின்னாலேயே ஓடிவந்த மாயவன் குனிந்து, "இன்னாம்மே பண்ற? மொதலாளி பாக்குறாரு, எந்திரி" என்கிறான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் காலைப் பிடித்து, பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள்.