பதினோரு சென்டிமீட்டர்

"தேறின தகட்டை எதுக்கும்மா திரும்பத் திரும்ப நோண்டிக்கிட்டு இருக்கே?"

தலைவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

செயற்கைக்கோளில் போகப்போகும் தகடு அது. உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளை. வானத்து நீராவி அனுப்பும் அலையை ஊடே விடும். மழைமேகத்தின் அலையைத் திருப்பிவிடும். போன மாதமே எல்லாச் சோதனையிலும் தேறியாகிவிட்டது.

"இன்னும் சின்னதா ஒண்ணு செஞ்சிருக்கேன் சார்," என்றாள் அதை வடிவமைத்தவள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே தகட்டுக்காரிதான்.

"சின்னதாக்கச் சொல்லி இங்க யார் அழுதா?" என்றார் மின்னல்காரர். மின்னலை அளக்கும் கருவி செய்கிறவர். "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கிற கதை!"

"பறக்கவிடறதுதானே சார் நம்ம தொழிலே."

"பார்த்தீங்களா வாயை! கெட்டிக்காரின்னு பேர் வாங்கணும், வேற ஒண்ணுமில்ல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்குச் சோதனை. இந்தக் குட்டித் தகடு தவறினா பழசுதான் போகும். நீயும் வேற வேலைக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

சோதனை அறை. சுவரெல்லாம் கூம்பு கூம்பாக, அலையை விழுங்கும் பஞ்சு. நடுவில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தகடு.

திரையில் கோடு ஏறியது. நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. இறங்கவேண்டிய இடத்தில் மலையுச்சியிலிருந்து விழுந்ததுபோல் இறங்கியது.

"பழசை விட சுத்தமா பிரிக்குதே!" தலைவருக்கே குரல் உயர்ந்துவிட்டது. "எப்படிம்மா?"

"நேரா இருந்த துளைகளை மடிச்சு மடிச்சு வச்சேன் சார். பாயைச் சுருட்டின மாதிரி. நீளம் போகல, இடம்தான் குறைஞ்சது. பதினோரு சென்டிமீட்டர் மிச்சம்."

சொல்லும்போது முகத்தில் பெருமை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மின்னல்காரர் விடுவதாயில்லை. "மெச்சினோம் தாயே! மிச்சமான இடத்துல என்ன, உன் பேரை எழுதி ஒட்டப் போறியா?"

அவள் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"இடமில்லைன்னு போன வருஷம் ஒரு கருவியை இறக்கிவிட்டாங்களே சார், அதை வைக்கத்தான். அளந்து பார்த்துட்டேன். கச்சிதமா உட்காருது."

மின்னல்காரர் குனிந்து பார்த்தார்.

வரைபடத்தின் மூலையில் இருந்தது அவருடைய கையெழுத்து.